பழகின தகடு

"சோப்பா? சோப்புப் போட்டா தேய்ச்ச?"

"பின்ன, சும்மா தடவிக் குடுப்பாங்களாப்பா? அவ்வளவு அழுக்கு! கையெல்லாம் கருப்பு."

"அது அழுக்கில்ல!"

"வேற என்ன, பரம்பரை நகையா? இரும்பு நாரே தேஞ்சு போச்சு. இப்ப பாருங்க, முகம் பாக்கலாம்."

"முகத்தைப் பாத்துக்கிட்டு என்னம்மா பண்றது? ஒரு முட்டை ஊத்த முடியுமா அதுல?"

லிப்ட் பழுது பார்க்கிற லிப்ட்காரர் வீட்டுப் பின்முற்றத்திலிருந்து இப்படிச் சத்தம் வந்ததும், அக்கம்பக்கத்தில் பலருக்கு ஒரே நேரத்தில் துணி காயப்போடும் அவசியம் வந்துவிட்டது. காய்ந்த துணியையே உதறி மறுபடி கொடியில் போட்டவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த மனிதர் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மனைவி இறந்த அன்றுகூட, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டு, மின்விசிறி எல்லோருக்கும் எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எழும்பாத குரல் ஒரு இரும்புத் தகட்டுக்காக எழும்புகிறதென்றால், தெரு எட்டிப் பார்க்கத்தானே செய்யும்?

அந்தத் தகடும் லேசுப்பட்டதல்ல. ஒரு ஆஸ்பத்திரியில் பழைய லிப்டைப் பிரித்தபோது அதன் தரையில் கிடந்தது. கதவு அகலம். அவர் கேட்டு வாங்கி வந்தார். அடுத்த தெரு வெல்டர், எல்லோரும் 'பொறி' என்று கூப்பிடுகிறவன், அதை ராவி, சுற்றி விளிம்பு வைத்து, எண்ணெய் வடிய மூலையில் ஓட்டை போட்டு, நான்கு கால் பற்றவைத்து, அடியில் இரண்டு நீள பர்னர்களையும் மாட்டிக் கொடுத்தான். பக்கத்தில் சிலிண்டர். பின்முற்றத்தில் அது நின்ற கோலத்தைப் பார்த்தால் கல்யாணச் சமையலுக்கு ஆள் வரப்போகிறது என்றுதான் தோன்றும். சாப்பிட இருந்தது ஒரே ஒருவர்.

"எத்தனை பேர் செருப்புக் கால் வெச்ச தகடோ! அதுல ஆம்லெட்டாம்," என்றாள் எதிர்வீட்டம்மா.

"திருப்பித்தான்கா போட்டிருக்கு," என்றான் பொறி. "தலைகீழா நின்னு லிப்ட்ல போனவங்க யாரும் இல்ல."

வீட்டுக்குள் நல்ல சமையலறை இருக்க, மனிதர் ஏன் வெளியே நின்று சமைக்கிறார்? எல்லோருக்கும் தெரியும். அவர் முன்னால் மட்டும் யாரும் சொல்வதில்லை. மனைவி விழுந்தது சமையலறையில். அவர் வேலை முடிந்து வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, சட்டி தீய்ந்துகொண்டிருந்தது. அவர் முதலில் அடுப்பை அணைத்தார். சிலிண்டர் வாயைத் திருகி மூடினார். அதற்கப்புறம்தான் குனிந்து அவளைத் தொட்டார்.

லிப்ட் வேலையில் அது அரிச்சுவடி. உள்ளே மாட்டிக்கொண்டவர் தொண்டை கிழியக் கத்தினாலும் முதலில் மெயினை அணைக்க வேண்டும், பிறகுதான் ஆளைத் தொட வேண்டும். கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. அவள் போய் வெகுநேரம் ஆகியிருந்தது, எதை முதலில் செய்திருந்தாலும் ஒன்றுதான் என்று டாக்டர் சொன்னார். இவரும் சரி என்று தலையாட்டினார். அன்றிலிருந்து சமையலறைக்குள் கால் வைக்கவில்லை. தண்ணீருக்கு முற்றத்துக் குழாய், சாமான்களுக்குப் பின்கதவோரம் ஒரு மர அலமாரி. வருத்தமா என்று கேட்டால், தேடிப் பார்த்தார், அப்படி ஒன்றும் அகப்படவில்லை. பயமும் இல்லை. வாசற்படி வரை போவார், கால் நிற்கும், திரும்பிவிடுவார். மூன்றாவது மாடியை அழுத்தினால் இரண்டிலேயே நிற்கிற லிப்ட் மாதிரி. எங்கே கோளாறு என்று அவருக்கே பிடிபடவில்லை.

மாடியில் குடியிருந்தாள் மனைவியின் தங்கை. போட்டோ ஸ்டுடியோவில் முகங்களைத் திருத்துகிற வேலை. மருவை எடுப்பாள், முடியைச் சேர்ப்பாள், கோணல் வாயை நேராக்குவாள். கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள். தெரு அவளை விட்டுவைக்குமா? அத்தானையும் அவளையும் தன் பாட்டுக்குச் சேர்த்து வைத்து, நாள் மட்டும் குறிக்காமல் காத்திருந்தது. அதற்கேற்றாற்போல் அவளும் தினமும் மாடிச் சுவரில் கையூன்றி நின்று கீழே யோசனை வீசிக்கொண்டிருப்பாள்.

"அத்தான், இன்னைக்கும் முட்டையா? கோழிக்கே சலிச்சுப் போச்சு. உருளைக்கிழங்கை மெல்லிசா வட்டம் வட்டமா அரிஞ்சு பரப்புங்க. மேல மூடி கவுத்துடுங்க, வேர்த்தே வெந்துடும்."

கவிழ்த்தார். வெந்தது.

"முட்டைக்கோஸை ரிப்பன் மாதிரி நறுக்கி, கோழித் துண்டோட சேத்துப் புரட்டுங்க. பக்கத்துலயே ரொட்டியையும் போட்டுடுங்க, வடியற கொழுப்பு வீணாகாது."

புரட்டினார். அந்தத் தகட்டில் இடது பக்கம் கொதிக்கும், வலது பக்கம் வெதுவெதுப்பு. பர்னரைப் பொறி கொஞ்சம் கோணலாக மாட்டியதன் பலன். கோணலே சௌகரியமாகிவிட்டது. இடது பக்கம் மீன் சீறும்போது நடுவில் வெங்காயம் வதங்கும், வலது ஓரத்தில் சாதம் ஆறாமல் காத்திருக்கும். மிஞ்சிய சாதத்தைப் பரப்பி முறுகவிட்டு, குழி பறித்து முட்டை உடைக்கலாம். சோள முத்துகளைக் கொட்டினால் துள்ளும். கடைசியில் வாழைப்பழத்தை நீளவாக்கில் பிளந்து, சர்க்கரை தூவிக் கவிழ்த்தால் ஓரம் பொன்னிறமாகும். எல்லாம் முடிந்ததும் சூட்டிலேயே தண்ணீர் தெளித்து, சுரண்டி, எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. அப்படித் துடைத்துத் துடைத்துத் தகடு கன்னங்கரேலென்று, எதைப் போட்டாலும் வழுக்கிக்கொண்டு வரும்படி ஆகியிருந்தது.

"ருசியா இருந்துச்சா அத்தான்?"

"சூடா இருந்துச்சு."

அவள் அதற்கு மேல் கேட்கமாட்டாள்.

மகள் வெளியூரில், ஒன்பதாவது மாடியில், கணவனோடு. பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை. தினமும் போன் செய்வாள். ஒருநாள், "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள். அவர் அப்போதுதான் தகட்டைத் துடைத்து முடித்திருந்தார். "பழகிடுச்சும்மா," என்றார். "இனிமே ஒட்டாது. எதைப் போட்டாலும் வழுக்கிட்டுப் போயிடுது."

மகள் போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் போய் அழுதாள். அப்பாவுக்குத் தனிமை பழகிவிட்டது, இனி மனசில் எதுவும் ஒட்டாது என்கிறார்! அந்த வாரக் கடைசியிலேயே இரண்டு காலிப் பெட்டிகளோடு வந்து இறங்கினாள். ஒன்று அப்பாவின் துணிக்கு, இன்னொன்று மற்றதுக்கு. அவரைக் கையோடு கூட்டிப்போய்விடுவது, வீட்டைப் பூட்டிவிடுவது என்று முடிவே பண்ணியிருந்தாள். காலையில் அவர் எழுந்திருக்குமுன் ஏதாவது உதவி செய்யலாமே என்று பின்முற்றத்துக்குப் போனாள். கரி பிடித்த தகட்டைப் பார்த்தாள். ஐயோ பாவம், கழுவக்கூடத் தெம்பில்லை என்று நினைத்தாள். அதன் பலன்தான் இந்தச் சத்தம்.

"பழகிடுச்சுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க? ஒட்டலன்னு சொன்னீங்களே! நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா?"

"தகட்டைச் சொன்னேன்மா!"

மாடிச் சுவரில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள்.

"சித்தி, சிரிக்காதீங்க. மேல நின்னு மெனு சொல்றதுக்கு ஆளிருக்கு. ஒரு மனுஷன் சொந்த வீட்டுச் சமையக்கட்டுக்குள்ள போகமாட்டேங்கறாரே, கேக்க ஆளிருக்கா?"

"கேட்டா போயிடுவாரா? நான் கேக்காம இருக்கறதாலதான் சாப்பிடவாவது செய்யறாரு," என்றாள் சித்தி.

மகள் பெருமூச்சு விட்டாள். அப்பாவிடம் நிதானமாகத்தான் சொன்னாள். "அப்பா, ஒண்ணே ஒண்ணு. உள்ள போயி ஒரே ஒரு சாமான், எதா இருந்தாலும் சரி, எடுத்துட்டு வாங்க. நான் பேசாம ஊருக்குப் போயிடறேன். இல்லன்னா நாளைக்கு நீங்க என்னோட கிளம்பணும்."

அவர் சமையலறை வாசல் வரை போனார். கால் நின்றது. திரும்பி வந்து, "பொறியைக் கூப்பிடு," என்றார். "தகட்டை இப்படியே விட்டா துரு ஏறிடும்."

நாளைக்கே போகிறவருக்குத் தகடு துருப்பிடித்தால் என்ன என்று மகள் கேட்கவில்லை. பிழைத்தாள்.

பொறி வந்தான். பளபளவென்று இருந்த இரும்பைப் பார்த்து உச்சுக் கொட்டினான். மாடியையும் ஒருமுறை பார்த்தான். மறுபடி பழக்குவதென்றால் வேறு வழியில்லை. தீயை மூட்டி, மெல்லிசாக எண்ணெய் தடவி, புகை அடங்கும் வரை எரியவிட்டு, மறுபடி தடவி, மறுபடி எரிக்க வேண்டும். நடுவில் விட்டால் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பிசினாகிவிடும்.

புகை என்றால் அப்படி ஒரு புகை. முற்றம் மறைந்தது, மாடி மறைந்தது. கொடியில் மறுபடி காயப்போட்ட துணிகளுக்கெல்லாம் சரியான கூலி கிடைத்தது. மகள் துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு அழுதாள். சித்தி இறங்கி வந்து அழுதாள். பொறி கண்ணைக் கசக்கினான். சுவருக்கு அப்பால் எதிர்வீட்டம்மா, ஒன்றும் பார்க்காமலேயே, கண்ணீர் வடித்தாள். கடைசியில் லிப்ட்காரரும் அழுதுவிட்டார் என்று சொல்லிக்கொள்ள எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் கண் காய்ந்த தரை மாதிரி இருந்தது. துணிச் சுருளை இடுக்கியில் பிடித்து, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"அழணும்னு தோணவே இல்லையாப்பா?" என்றாள் மகள், பக்கத்தில் நின்று, மெதுவாக.

"உங்க ஆஸ்பத்திரியில ஊசி போடுவீங்களே, மரத்துப் போறதுக்கு. எனக்கும் ஒரு தடவை போட்டாங்க. வலியே இல்ல. உதடு எங்க இருக்குன்னே தெரியல. அப்படித்தாம்மா."

"அது இறங்கிடும்ப்பா."

"எப்ப?"

"ஆளுக்கு ஆள் மாறும்." தினமும் நோயாளிகளிடம் சொல்வதையே அவளும் சொன்னாள். "அது இறங்கற வரைக்கும் சூடா எதுவும் சாப்பிடக் கூடாது. வாயைச் சுட்டாலும் தெரியாது."

"நான் சூடாத்தான் சாப்பிடறேன்," என்றார் அவர்.

தகடு தேன் நிறத்துக்கு வந்து, பழுப்பாகி, நடுவில் கருக்கத் தொடங்கியது. இன்னும் ஒரு தடவல் வேண்டும். அலமாரிப் போத்தலைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு வந்தது, அதோடு சரி.

"எண்ணெய்!" என்றார். இருமலில் யாருக்கும் கேட்கவில்லை. பொறி வாயைக் கொப்பளிக்கக் குழாயடிக்குப் போயிருந்தான். சித்தி அவனுக்குச் செம்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், அதுவே தனிக் கதை. "அட, எண்ணெய் குடுங்கப்பா, திட்டாயிடும்!" என்றார் மறுபடி.

இடுக்கியை விளிம்பில் வைத்தார். விறுவிறுவென்று பின்கதவைத் தாண்டிச் சமையலறைக்குள் போனார்.

மகள் பார்த்துவிட்டாள். கூப்பிட வாயெடுத்தாள், கூப்பிடவில்லை. உள்ளே மேல்தட்டில், அடுப்புக்கு வலப்பக்கம், அம்மா வைக்கிற இடத்தில் எண்ணெய் டின் இருந்தது. தேடாமல் எடுத்தார். அதே வேகத்தில் வந்து, துணியை நனைத்து, கடைசித் தடவலைத் தடவினார். புகை எழுந்தது. அப்போதுதான் கையைப் பார்த்தார். டின் மூடியில் மனைவி கட்டியிருந்த ரப்பர் வளையம் விரலில் மாட்டியிருந்தது. அடியில் இரண்டு பர்னரும் ஓவென்று எரிந்துகொண்டிருந்தன. அணைக்காமல் போயிருக்கிறார். ஜென்மத்தில் முதல் தடவை.

அவர் தீயைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே என்ன இருந்தது என்று யாராவது கேட்டிருந்தால், எண்ணெய் இருந்தது என்றுதான் சொல்லியிருப்பார். ஆட்காட்டி விரல் விளிம்பில் பட்டது. கையை உதறி, "ஸ்ஸ்," என்றார்.

"சுட்டுடுச்சாப்பா?"

"ம். கொஞ்சம்." விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார், யாருடையதோ போல.

மகள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். மறுநாள் கொண்டுவந்த இரண்டு பெட்டிகளையும் காலியாகவே இழுத்துக்கொண்டு கிளம்பினாள். இவ்வளவு தூரம் காற்றைச் சுமந்துகொண்டு வந்து போன பெண் என்று எதிர்வீட்டம்மா அதையும் சொல்லிச் சிரித்தாள். போகுமுன் அப்பா உருளைக்கிழங்கும் முட்டையும் போட்டுக் கொடுத்தார். ஒட்டியது. சுரண்டித்தான் எடுத்தார்கள். இரண்டு பேரும் அதையே சாப்பிட்டார்கள்.

அதற்கப்புறமும் அவர் வெளியேதான் சமைக்கிறார். எண்ணெய்க்கும் உப்புக்கும் உள்ளே போவார், வருவார். உள்ளே நிற்கமாட்டார். மகள் போனில், "பழகிடுச்சாப்பா?" என்று கேட்டால், "எது?" என்பார். "தகடுதான்," என்பாள். "இன்னும் ஓரத்துல கொஞ்சம் ஒட்டுது," என்பார்.

தெருவின் கணக்குத்தான் சுத்தமாகத் தப்பிப் போனது. மாடிச் சித்தி கல்யாணம் செய்துகொண்டாள். அத்தானை அல்ல, பொறியை. அந்தச் செம்புத் தண்ணீரைப் பார்த்தும் புரிந்துகொள்ளாத எங்களைச் சொல்ல வேண்டும். விருந்து லிப்ட்காரர் வீட்டு முற்றத்தில், அந்தத் தகட்டில். அவரே நின்று போட்டார். செருப்புக் கால் பட்ட தகடு என்று திட்டியவர்கள்தான் இரண்டாம் முறை தட்டை நீட்டினார்கள். பிறகு பொறிக்கு வேறு ஊரில் பட்டறை அமைந்து, இருவரும் போய்விட்டார்கள். மகளும் ஒன்பதாவது மாடியை விட்டுத் தரையோடு இருக்கும் வீடாகப் பார்த்து மாறிவிட்டாள். பின்னால், தகடு போடுகிற அளவுக்கு, கொஞ்சம் இடம் இருக்கிறதாம். மாடி வீடு மட்டும் இன்னும் காலி. பார்க்க வருகிறவர்கள் கீழே எழும் புகையைக் கண்டு, ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று திரும்பிப் போய்விடுகிறார்கள்.