பன்னிரண்டரை மணி அலறல்

லோகேஷுக்கும் சித்ராவுக்கும் கல்யாணமாகி நான்காவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை நள்ளிரவில், குழந்தை வர்ஷா முதல்முறையாக அலறினாள்.

லோகேஷ் பதறி எழுந்தான். ஐந்து வயதுக் குழந்தை பாயில் விறைத்து உட்கார்ந்திருந்தது. கண்கள் இரண்டும் அகலத் திறந்திருந்தன. கவுன் முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை. "வேணாம்! போ! போ!" என்று தொண்டை கிழியக் கத்தியது. அவன் தூக்கப்போனான். அவன் முகத்தை நேராகப் பார்த்தபடியே கையை உதறி, கன்னத்தில் நகத்தால் கீறிவிட்டது.

"நீ நவுரு, நான் பாத்துக்கிறேன்" என்றாள் சித்ரா.

அவன் சமையலறைக்குப் போய் இருட்டில் நின்றான். கால் மணி நேரத்தில் சத்தம் அடங்கியது. எட்டிப் பார்த்தால், ஒன்றுமே நடக்காததுபோல் குழந்தை ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

சித்ராவின் முதல் கணவர் விபத்தில் இறந்தபோது வர்ஷா கைக்குழந்தை. அப்பாவின் முகம் அவளுக்கு நினைவில் இல்லை. லோகேஷ் சென்னீர்குப்பத்தில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். முப்பத்து நான்கு வயதுவரை கல்யாணமே வேண்டாம் என்றிருந்தவன், சித்ராவைப் பார்த்துச் சம்மதித்ததைவிட, அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்ற இந்த வாயாடியைப் பார்த்துத்தான் சம்மதித்தான். அம்மா கூப்பிடுகிற மாதிரியே அவளும் அவனை "லோகு" என்றுதான் கூப்பிடுவாள். அதை மாற்ற அவன் விரும்பவில்லை.

அலறல் அந்த ஒரு நாளோடு நிற்கவில்லை. வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் வந்தது. அநேகமாகப் பன்னிரண்டரைக்குத்தான். ஒவ்வொரு தடவையும் லோகேஷ் தானாகவே எழுந்து சமையலறைக்குப் போய்விடுவான். பகலில் தோளில் ஏறி ஆட்டம் போடுகிற குழந்தை, ராத்திரியில்தான் மனசில் இருப்பதைச் சொல்கிறது என்று அவன் முடிவு கட்டிக்கொண்டான். காலையில், "நைட்டு இன்னாடா கண்ணு பயந்த?" என்று கேட்டால், "நானா? நான் தூங்கிகினு இருந்தேன்" என்று இட்லியைப் பிய்த்துக்கொண்டே சொல்வாள். தன்னைப் புண்படுத்தக் கூடாதென்று மறைக்கிறாளோ என்று அதையும் அவன் தப்பாகவே எடுத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வேம்புலி மாடியேறி வந்தார். வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. ராவுல கொயந்த வேணாம் வேணாம்னு கத்துதாம். பக்கத்துல பேசிக்கிறாங்க. புதுசா வந்தவன் நீ... கேக்கவேண்டியது என் கடமை."

பக்கத்துப் போர்ஷன் ஜமீலா அக்கா நான்கு நாளாகத் தன்னைப் பார்த்துச் சிரிக்காததன் காரணம் லோகேஷுக்கு அப்போதுதான் விளங்கியது. அன்று அவனால் சாப்பிட முடியவில்லை. மறுநாள் சூப்பர்வைசர் தங்கராஜிடம் போய், இனிமேல் எனக்கு நைட் ஷிஃப்டே போட்டுவிடுங்கள் என்று கேட்டான்.

விஷயம் தெரிந்ததும் சித்ரா கரண்டியைத் தூக்கிப் போட்டாள்.

"இன்னாத்துக்கு?"

"என்ன கண்டா பயப்படுது சித்ரா. நான் ராத்திரில ஊட்ல இல்லன்னா அது நிம்மதியா தூங்கும்."

"உனுக்கு யாரு சொன்னா? நீயே கேட்டு, நீயே பதில் சொல்லிக்குவியா? பொறப்படு, டாக்டராண்ட போலாம்."

பூந்தமல்லியில் குழந்தைகள் டாக்டர் பானுப்பிரியா, சித்ரா செல்போனில் எடுத்து வைத்திருந்த வீடியோவை இரண்டு தடவை பார்த்தார்.

"தூங்கி எவ்வளவு நேரம் கழிச்சு இப்படி வருது?"

"ஒரு மணி, ஒண்ணரை மணி நேரம் இருக்கும் மேடம்."

"காலையில ஞாபகம் இருக்கா?"

"சுத்தமா இல்ல."

டாக்டர் சிரித்தார். "அப்ப இது கெட்ட கனவு இல்ல. கெட்ட கனவு பெரும்பாலும் விடியக்காலையில வரும். குழந்தை முழுசா முழிச்சிக்கும். யாரைப் பார்த்தாலும் ஓடிவந்து கட்டிக்கும். என்ன கனவுன்னு கதை சொல்லும், திரும்பத் தூங்க பயப்படும். இது வேற. இதுக்குப் பேரு நைட் டெரர். ஆழ்ந்த தூக்கத்துல மூளையில பாதிதான் முழிக்கும். கண்ணு திறந்திருக்கும், ஆனா எதிர்ல யாரு இருக்காங்கன்னு அதுக்குத் தெரியாது."

"என்ன பாத்துதான் போ போன்னு சொல்லுது மேடம்" என்றான் லோகேஷ்.

"அம்மா தூக்கினா சும்மா இருக்குமா?"

"எங்க சும்மா இருக்குது?" சித்ரா முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். பல் பதிந்த தழும்பு. "போன வாரம் கடிச்சி வெச்சிது. இவரு எங்க பாத்தாரு? கத்துன உடனே அடுப்பாண்ட போய் நின்னுக்குவாரு."

லோகேஷ் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது தெரியவே தெரியாது.

தூக்கம் குறைந்தால் இது அதிகமாகும் என்றார் டாக்டர். "எத்தனை மணிக்குத் தூங்கறா?"

சித்ரா தயங்கினாள். "பதினொண்ணு ஆயிடுது மேடம். காலைல ஆறுக்கு எழுப்பிடுவோம், ஸ்கூல் வேனு வந்துடும். ஜூன்லேர்ந்து மத்தியானத் தூக்கமும் போச்சு."

"அஞ்சு வயசுக்கு ஏன் பதினொண்ணு?"

"இவருக்கு செகண்ட் ஷிஃப்டு. வர்றதுக்கு பத்தே முக்கால் ஆவும். லோகு வரட்டும், லோகு வரட்டும்னு கதவாண்டயே குந்திகினு இருக்கும். எவ்ளோ அடிச்சிகினாலும் படுக்காது. நானும் ஆசையா கீதேன்னு உட்டுட்டேன்."

நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்த குழந்தையை லோகேஷ் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவள் அவன் சட்டைப் பையில் கைவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

தங்கராஜ் முதலில் கத்தினார். "நேத்து நைட்டுன்ற, இன்னிக்கு மார்னிங்ன்ற, இன்னா வெளையாட்டு?" விவரத்தைக் கேட்டபின், "செரி, ஒண்ணாந்தேதிலேர்ந்து காலைல ஆறு மணிக்கு வந்துடு" என்று விட்டுவிட்டார்.

வர்ஷா எட்டரைக்கே தூங்க ஆரம்பித்தாள். அலறல் குறைந்தது, உடனே நின்றுவிடவில்லை. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் பத்து மணிக்கே வந்தது. இந்தத் தடவை லோகேஷ் சமையலறைக்குப் போகவில்லை. டாக்டர் சொன்னபடி, குழந்தை இடித்துக்கொள்ளாமல் ஸ்டூலைத் தள்ளி வைத்தான். எழுப்பவில்லை, இறுக்கிப் பிடிக்கவில்லை. ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்து, "நான் இங்கதான் கீறேன், ஒண்ணுமில்லடா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. ஜமீலா அக்கா. முக்காடு சரிந்திருந்தது, கண்ணில் கோபம்.

லோகேஷ் கதவை அகலத் திறந்தான். "உள்ள வாங்கக்கா. வந்து உங்க கண்ணால பாருங்க."

உள்ளே வந்தவள் சித்ராவைப் பார்த்தாள். மறுபடியும் போய்த் தள்ளி உட்கார்ந்த லோகேஷைப் பார்த்தாள். யாரும் தொடாமலே, சுவரைப் பார்த்து "போ! போ!" என்று கத்துகிற குழந்தையைப் பார்த்தாள். சித்ரா கிசுகிசுப்பாக எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் வர்ஷா தானாகவே சாய்ந்து, சப்புக்கொட்டித் தூங்கிப்போனாள்.

ஜமீலா லோகேஷின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க அப்துலு சின்னதுல இதேமாதிரிதான் கத்துவான். காத்து கருப்புன்னு தாயத்து கட்டி உட்டோம். நானே உன்ன போய்..." என்று நிறுத்தினாள். "வேம்புலியாண்ட சொன்னது நான்தான் தம்பி."

"சொன்னது நல்லதுதான்க்கா" என்றான் அவன். "நெசமாவே ஒருத்தன் அடிச்சிகினு இருந்தா, யாருனா கேக்கணும் இல்ல?"

ஒரு மாதம் அமைதியாகப் போனது. பிறகு ஒரு விடியற்காலை, ஐந்தேகால் மணிக்கு, லோகேஷ் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தபோது உள்ளே விசும்பல் கேட்டது. அவன் திரும்புவதற்குள் வர்ஷா ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"லோகு... பெரிய நாயி... என் ஸ்கூல் பேக்க துண்ணுடுச்சி!"

தூக்கிக்கொண்டான். சூடான கன்னம் கழுத்தில் ஒட்டியது. அவளுக்குக் கனவு முழுவதும் ஞாபகம் இருந்தது: நாயின் நிறம், பேக்கில் இருந்த பென்சில், நிற்காமல் போன வேன். அழுகிற குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் சந்தோஷப்படுவது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"நான் எங்க இருந்தேன்? வெரட்டலியா நாய?"

"நீ எங்க வெரட்டுன?" மூக்கை அவன் சட்டையில் துடைத்தாள். "நீ அதுக்கு பிஸ்கட்டு போட்டுகினு இருந்த!"

அவள் மறுபடி தூங்கும்வரை அவன் இறக்கிவிடவில்லை. அன்று ஷேர் ஆட்டோ போய்விட்டது. குடோனுக்கு நடந்தே போனான்.