ஏட்டையா விற்ற முந்திரி

என் வீட்டுக்காரர் செல்லச்சாமி முந்திரிப்பருப்பு விற்கிற அழகைப் பார்த்தால், வாங்க வந்தவன் தப்பித் தவறி ஸ்டேஷனுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று பயப்படுவான். போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். காக்கிச் சட்டை போய்விட்டது, தொண்டை மட்டும் போகவில்லை.

வடகரையில் எங்களுக்கு ஒரு சின்ன முந்திரித் தோப்பு உண்டு. வருஷா வருஷம் கொட்டையை வியாபாரியிடம் மொத்தமாகப் போட்டுவிடுவோம். அவன் வைத்ததுதான் விலை. அலுத்துப்போய், தோப்பையே கொடுத்துவிடலாம் என்று இவர் கிளம்பிவிட்டார். காட்டேஜ் கட்ட இடம் கேட்டு கிங்ஸ்லி என்றொரு தம்பி நடையாய் நடந்துகொண்டிருந்தான். மரத்தையெல்லாம் வெட்டிவிட்டுத்தான் கட்டுவானாம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

"இந்த சாரல் சீசன்ல நானே உடைச்சு வறுத்து குத்தாலத்துல விக்கேன். விக்க முடியலேன்னா உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன்.

ஐந்தருவி ரோட்டோரம் தள்ளுவண்டி போட்டோம். நான் வறுக்க, இவர் விற்க. ருசி பார்க்க ஒரு தட்டில் கொஞ்சம் பருப்பு வைத்திருந்தேன். சிவகாசிக்காரர் ஒருவர் ரெண்டை வாயில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

"ஏய், நில்லு! தின்னுட்டு எங்கன போற?" என்றார் இவர்.

அந்த மனுஷன் திரும்பிப் பார்க்காமல் ஓடினார். ஈரத்தலையோடு பின்னால் நின்ற குடும்பமும் என்ன ஏதென்று தெரியாமல் கூடவே ஓடியது.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க. உங்க வாய் இருக்கிற பிழைப்பையும் கெடுத்துரும் போல!"

"தின்னவன்ட்ட கேக்கப்பிடாதாட்டி?"

"ருசி பாக்கத்தானய்யா தட்டே வச்சிருக்கு!"

மறுநாள் முதல் இவர் அடுப்பில், நான் தட்டில். சும்மா சொல்லக்கூடாது, வறுப்பில் மனுஷன் கெட்டி. சாரலில் அந்த வாசனை ரோடு தாண்டிப் போய் ஆளை இழுத்து வந்தது. ஆனால் சாரல்தான் விட்டு விட்டு அடித்தது. அருவியில் தண்ணீர் இல்லாவிட்டால் கூட்டம் ஏது? ஆடி முடிகிறபோதும் பாதிச் சரக்கு வீட்டிலேயே கிடந்தது.

அப்போதுதான் கிங்ஸ்லி அட்வான்ஸ் பேச வண்டிக்கே வந்துவிட்டான். இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். போச்சு, தோப்பு போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

எத்தனை ரூம், கார் எங்கே நிற்கும் என்று அவன் பேசப் பேச, கை தட்டுக்கும் வாய்க்குமாகப் போய் வந்தது. தட்டு காலி.

"அண்ணாச்சி, பருப்பு பிரமாதம். காட்டேஜ் தொறந்ததும் கெஸ்ட்டுக்கெல்லாம் இதத்தான் வைக்கணும். மாசாமாசம் நீங்கதான் தரணும்" என்றான்.

இவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தம்பி, மரத்த வெட்டிட்டுத்தானே கட்டப்போற?"

"ஆமா அண்ணாச்சி."

"பொறவு பருப்பு எந்த மரத்துல காய்க்கும்?"

ஸ்டேஷனில் கேட்கிற அதே தொண்டை. கிங்ஸ்லி சிரித்துப் பார்த்தான். இவர் சிரிக்கவில்லை.

"அது... வேற எங்கனயாவது வாங்கிக்கிடலாம்" என்றான்.

"அப்ப காட்டேஜையும் வேற எங்கனயாவது கட்டிக்கோ. தோப்பக் குடுக்கதா இல்ல" என்றவர், என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, தம்பிக்கு அரைக் கிலோ நிறு. துட்ட வாங்கிட்டுக் குடு."

நிறுத்தேன். கண் நிறைந்து நின்றதில் தராசில் நம்பரே தெரியவில்லை.