சுரண்டிய புல்வெளி

ஓவியர் எவாசியோ ரோல்ஃபோ எனக்குத் தரவேண்டியிருந்தது நாற்பத்தாறு லிரா ஐம்பது சென்டெசிமி. காய்ந்த புல் பதினைந்து சுமை, சுமைக்கு மூன்று லிரா பத்து.

அவர் நொவாராவில் மருந்துக்கடைக்காரர் மகன். தூரினில் போய்ப் படித்தவர். மலையைத் தவிர வேறெதையும் வரையமாட்டார். கோடையில் எங்கள் ஊருக்கு வந்து, மோந்தே ரோசா மலைக்கு எதிரே என் புல்வெளி ஓரத்தில் இரண்டு மீட்டர் கித்தானை நிறுத்துவார். காற்று அதைத் தூக்கிப் போகாமல் கயிறு கட்டிக் கல் தொங்கவிடுவது என் வேலை. விடிந்து அரைமணி நேரம்தான் வரைவார். வெளிச்சம் மாறினால் மூடிவைத்துவிடுவார்.

ஒரு ஜூலையில் நான் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தபோது ஓடி வந்தார்.

"கவுதென்ஸியோ, இதுல கை வைக்காத. புல்லு நின்னாதான் படம்."

"நின்னா மாடு எதைத் திங்கும் ஐயா, படத்தையா?"

"பத்து நாள் பொறு. கெட்டுப்போனா முழுக் காசும் நான் தரேன். படம் வித்ததும் மொதக் காசு உனக்குத்தான்."

சீட்டு எழுதித் தந்தார். எழுத்துத் தெரியாத நான் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக்குறி போட்டேன். என் மனைவி தோமெனிகா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மலை எங்கயும் ஓடிடாது. புல்லுதான் போயிடும். ரெண்டு பேருக்கும் புத்தி இல்ல" என்றாள்.

ஒன்பது நாள் காலையில் மேகம். பத்தாம் நாள் ஆலங்கட்டி. புல் படுத்து, கறுத்து, அழுகியது. குளிர்காலத்துக்குத் தீனி வாங்கக் காசு கேட்டேன். படம் விற்கவில்லை என்றார். நவம்பரில் வரால்லோ சந்தையில் இரண்டு பசுவில் ஒன்றைப் பாதி விலைக்கு விற்றேன். பிள்ளைகள் வெறும் சோளக்களி தின்றார்கள். அந்தக் காசை வாங்கி இன்னொரு பசுவுக்குச் சேர்க்க வேண்டும், அது ஒன்றுதான் என் எண்ணம்.

நாலு கோடை அந்தப் புல்லையே வரைந்தார், ஒவ்வொரு புல்லிதழுக்கும் நாலைந்து நிறம் வைத்து. தூரின், மிலான், வெனிஸ் என்று கண்காட்சிக்கு அனுப்புவார். பெட்டி திரும்பி வரும். ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தியைப் போட்டால் வாங்குகிறேன் என்றான் ஒரு வியாபாரி. இவர் போடவில்லை. பிறகு பனி வெளிச்சத்தின் கூச்சத்தில் கண் கெட்டு, வருவதை நிறுத்திவிட்டார்.

நான் சிம்ப்ளோன் ரயில் சுரங்கப்பாதை தோண்டப் போனேன். அங்கே தொழிலாளர் கொட்டகையில் முப்பத்தொன்பது வயதில் எழுத்துக் கூட்டக் கற்றேன். சீட்டை நானே படித்தேன். 'படம் விற்றதும்' என்றுதான் இருந்தது.

அடுத்த வருடம் செய்தித்தாளில் வந்தது: ரோல்ஃபோவின் மலைப்படத்தை ஏரிக்கரை விடுதி ஒன்று எண்ணூறு லிராவுக்கு வாங்கியிருக்கிறது. மூன்றாம் வகுப்பு ரயிலில், அவர் வீடு இருந்த தூரினுக்குப் போனேன்.

அவருடைய அக்கா எர்சிலியா கதவைத் திறந்தார். வரதட்சணைக்கு வைத்திருந்த பணத்தைத் தம்பியின் சாயத்துக்குக் கொடுத்துவிட்டுக் கல்யாணமில்லாமல் இருந்தவர். படம் சுவரில் சாய்ந்திருந்தது. மறுநாள் அதை விடுதிக்கு எடுத்துப்போக வண்டி வருமாம். மலை இருந்தது. வெளிச்சம் இருந்தது. கீழே என் புல் இருந்த இடம் முழுக்கப் பனி.

"புல்லு எங்க ஐயா?"

"சுரண்டிட்டேன்."

"மொத்தத்தையுமா?"

"நாலு வருஷம் போட்டது. ஒரு மதியத்துல கத்தியால எடுத்துட்டேன். பாக்குறவன் கண்ண அது மலைக்கு விடவே இல்ல. எடுத்தப்புறம்தான் வித்துச்சு."

"அதுக்காக நான் ஒரு மாட்ட வித்தேன்."

"தெரியும்."

"அன்னைக்கே நான் அறுத்திருந்தா?"

"படம் அன்னைக்கே வித்திருக்கும்" என்றார்.

அக்கா தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். ஓவியர் விரலால் தடவித் தடவி நாற்பத்தாறு எண்ணினார். "சில்லறை இல்ல போலிருக்கே..."

"நல்லாத் தேடுடா. அதையும் சுரண்டிடாத" என்றார் அக்கா.

கிடைத்தது. சீட்டின் பின்புறம் 'முழுவதும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிப் பெயரும் தேதியும் போட்டுக் கொடுத்தேன். அந்த வருடம் பசு ஒன்று இருநூற்று இருபது லிராவுக்கு விற்றது. ஆனால் அவர் எனக்குத் தரவேண்டியது இனி ஒன்றுமில்லை.