ஐநூற்றேழில் கத்தும் ஆண்குரல்

தென்கொரியாவின் பூசான் நகரில், ஹாதான் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், ஐநூற்றேழாம் எண் வீட்டில் கில் மிரே தனியாக இருந்தாள். வயது நாற்பத்து மூன்று. இருபது வயதிலேயே பார்வை முழுதாகப் போய்விட்டது. ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது வேலை.

வேலைக்கான பதிவு வலது காது இயர்ஃபோனில் ஓடும். கணினித் திரையை வாசித்துச் சொல்லும் குரல் மேசை ஸ்பீக்கரிலிருந்து வரும்; போனை வாசிப்பதும் அதே குரல்தான். இரண்டு காதையும் அவள் ஒருநாளும் அடைத்துக்கொண்டதில்லை. அடைத்தால் வீடே காணாமல் போய்விடும். குக்கரில் ஆவி வருகிறதா, பால்கனிக் கதவு திறந்து கிடக்கிறதா, எதுவும் தெரியாது.

வாசிக்கும் குரல் ஆண்குரல். பதினோரு வருடமாக அதே குரல்தான். பழகப் பழக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனதில், மற்றவர் காதுக்கு யாரோ மூச்சுவிடாமல் திட்டுவது போலத்தான் அது கேட்கும். மிரே அதை யோசித்ததே இல்லை. அவள் வீட்டுக்கு வருகிறவர்களும் குறைவு.

ஆகஸ்ட் வெயிலில் ஒரு மதியம், ஏசியை இயக்கும் செயலி தானாகப் புதுப்பித்துக்கொண்டது. முந்தின நாள் வரை "குளிர்ச்சி", "வெப்பநிலை" என்று அழகாகச் சொன்ன குரல், இப்போது விரல் வைத்த இடமெல்லாம் "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. எதையோ அழுத்தினாள், ஏசி நின்றுபோனது. ஸ்பீக்கரிடம் வாய்விட்டுச் சொன்னால், இணைந்த கருவி எதுவும் இல்லை என்றது. ஏசியின் மேலேயே தடவிப் பார்த்தாள். வழவழவென்று கண்ணாடி, விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஒரு மணி நேரம் போராடினாள். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"போதும்டா! எத்தனை தடவை இதையே சொல்லுவ? வாய மூடு!" என்று கத்திக்கொண்டே போனை வீசினாள். அது சோபாவில் பட்டுத் துள்ளித் தரையில் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்தும் "பட்டன்" என்றது. மிரே தரையில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதாள்.

இருபது நிமிடத்தில் அழைப்பு மணி அடித்தது. போலீஸ்காரர்கள் இருவர்; கூடவே வாட்ச்மேன்.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு வீட்டுக்காரரே கிடையாது."

"பயப்படாம சொல்லுங்க. ஆம்பளை கத்துறான், நீங்க அழறீங்கன்னு தகவல் வந்திருக்கு." அப்போதுதான் அவள் கண்களைக் கவனித்தார் போலிருக்கிறது. உடனே குரல் இரண்டு மடங்கு உயர்ந்தது. "வீட்ல! பெரியவங்க! யாராவது இருக்காங்களா?"

"நான்தான் பெரியவ. காது நல்லா கேக்குது சார்."

இன்னொருவர் குளியலறையையும் பால்கனியையும் பார்த்துவிட்டு வந்தார். மிரே தரையைத் தடவிப் போனை எடுத்துத் திரையில் விரலை ஓட்டினாள். ஆண்குரல் படபடவென்று பொரிந்தது. ஒருவர் பின்னால் நகர்ந்ததில் செருப்பு அலமாரி இடித்தது.

"இவன்தான் சார் அவன். கூட்டிட்டுப் போறீங்களா?"

வாட்ச்மேன்தான் முதலில் சிரித்தார். ஆனால் கேள்வி கேட்ட போலீஸ்காரர் கிளம்பும்போது மிரேயிடம் பேசாமல், வாட்ச்மேனிடம், "இவங்களப் பாத்துக்க யாராவது வருவாங்கல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"யார் தகவல் குடுத்தது?" என்று வாட்ச்மேனை மடக்கினாள். அவர் சொல்ல மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே, "நானூத்தியேழு" என்று முணுமுணுத்தார்.

சத்தம் தொல்லை என்று நேரில் சொல்லத் துப்பில்லாமல் போலீஸை அனுப்பிவிட்டார்கள் என்று எண்ணினாள் மிரே. கோலை எடுத்துக்கொண்டு படி இறங்கிக் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. திட்டுவதற்கு அவள் வாயெடுக்குமுன்பே ஒரு பெண் குரல் பதறியது:

"அடிச்சானா? உள்ள வா, உள்ள வா முதல்ல! கதவ சாத்து!"

கையைப் பிடித்து உள்ளே இழுத்த வேகத்தில் கோல் சுவரில் இடித்தது. அந்தப் பெண் அப்போதுதான் கோலைப் பார்த்தாள்.

"ஐயோ... கண்ணு தெரியாதவளையா அடிக்கிறான் அந்தப் பாவி?"

மிரேயின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அக்கா, அது என் போனு" என்றாள்.

அவள் பெயர் தோ கும்ரான். வயது ஐம்பத்தேழு. நகரப் பேருந்து ஓட்டுகிறாள். விடியுமுன் கிளம்பிவிட்டு மதியம் வந்து படுப்பாள். இங்கே குடிவந்த ஆறு மாதமாகக் கூரைவழியே அந்தக் குரலைக் கேட்டிருக்கிறாள். "நாள் பூரா திட்டுறான், நீ எப்பவாச்சும் ஒரு வார்த்த பேசுற. என் முதல் புருஷன் இப்படித்தான். அப்ப கீழ்வீட்ல ஒருத்தரும் வாயத் தொறக்கல" என்றாள்.

மிரே கோலைச் சுவரில் சாய்த்துவைத்தாள். பார்வையில்லாதவள் விழுந்துவிடுவாளே, சுட்டுக்கொள்வாளே என்று கவலைப்பட்டவர்கள் எத்தனையோ பேர். ஒரு முரட்டுக் கணவனிடம் மாட்டிக்கொண்ட பெண் என்று அவளுக்காகத் தூக்கம் கெட்டவள் இவள் ஒருத்திதான்.

ஏசி கதையைக் கேட்டதும் கும்ரான் பார்லித் தேநீரோடு மேலே வந்தாள். மிரே திரையின் ஒவ்வொரு பட்டனிலும் விரலை வைக்க, அவள் பார்த்துச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் குரல் சொல்லவேண்டிய பெயரை மிரே தானே பதிந்தாள்.

"இது?"

"பனிப்பூ மாதிரி இருக்கு."

"குளிர்ச்சி. இது?"

"பிறை நிலா."

ஐந்தாவதில் ஏசி குளிர்காற்றை விட்டது. இருவரும் அதன் முன்னால் போய் நின்றுகொண்டார்கள்.

"அந்த ஆளை மாத்திட்டு ஒரு பொம்பளை குரல் வச்சுக்கயேன்" என்றாள் கும்ரான்.

"மாட்டேன்க்கா. பதினோரு வருஷம். இவன் சொல்றதுதான் எனக்குப் பாதி வார்த்தையிலயே புரியும்."

"அப்ப நான் தூங்குற நேரத்துலயாவது அவன் தொண்டைய இறக்கு."

அதற்கு மிரே ஒத்துக்கொண்டாள். மதியம் இரண்டு முதல் ஆறு வரை ஒலி பாதி; ஸ்பீக்கருக்குக் கீழே மடித்த போர்வை. செயலி நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்துக்கு, தங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான்.

கடைசி பட்டன் படம் என்னவென்று அன்று கும்ரானுக்குப் பிடிபடவில்லை. சுருட்டின பாய் போலவும் இருந்தது, நத்தை போலவும் இருந்தது. இப்போதும் மிரே அதன்மேல் விரல் வைத்தால், அந்த ஆண்குரல் முழு வேகத்தில் சொல்கிறது: "கும்ரான் அக்காவுக்கும் தெரியலை."