பகல் தூக்கம்

லீமாரோஸ் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். ஜூஸ் தட்டோடு வந்துகொண்டிருந்த பெண் மணலிலேயே நின்றுவிட்டாள்.

"ரெண்டரைக்குச் சாப்பாட்டு ஹால மூடிருவாங்கம்மா. சார எழுப்பட்டுமா?"

"வேணாம் தாயி. ராவெல்லாம் கடல்ல கெடந்துட்டு வந்த மனுசன். செத்த அசரட்டும்."

சட்டையில் சத்யப்பிரியா என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்த அந்தப் பெண்ணுக்கு ஊர் உத்தரகோசமங்கை. ரிசார்ட்டில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. கடலுக்குப் போகிறவர்களின் வீட்டுச் சட்டம் அவளுக்கு எப்படித் தெரியும்? பாம்பனில் பகலில் ஆம்பளை தூங்கினால் வீடே வாயைக் கட்டிக்கொள்ளும். குக்கர் வைக்க மாட்டார்கள். டிவி ஊமையாக ஓடும். கடன் கேட்டு வந்தவன்கூட வாசலோடு திரும்பிப் போவான். முப்பத்து நாலு வருடமாக லீமாரோஸ் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. மகள் ஆன்சி நடக்கப் பழகியதே நுனிக்காலில்தான்.

அந்த ஆன்சி இப்போது குவைத்தில் நர்ஸ். அப்பாவும் அம்மாவும் கல்யாண நாளன்று ஒரு பகல் முழுக்க ராஜா ராணி மாதிரி இருக்க வேண்டும் என்று அங்கிருந்தே பதிவு செய்துவிட்டாள். காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை. வேதமுத்துவுக்கு இஷ்டமில்லை. கல்யாண நாளுக்கு முந்தின ராத்திரியும் வலையைத் தூக்கிக்கொண்டு போனவர், விடியற்காலை வந்து, "அசதியா இருக்கு ரோசு. கடலப் பாக்கவா என்னைய கார்ல ஏத்திக் கொண்டுபோற?" என்றார்.

"பிள்ளை ஆசையாச் செஞ்சிருக்கு. கெளம்புங்க."

பிள்ளையின் ஆசை பாதிதான். மீதி அவளுடையது. வேறு யாரோ ஆக்கியதை உட்கார்ந்த இடத்தில் சாப்பிட வேண்டும், பாத்திரத்தைத் திரும்பிப் பார்க்காமல் எழுந்து போக வேண்டும். அவ்வளவுதான் அவள் நினைத்திருந்தது.

வந்ததும் வேதமுத்து குடையின் கீழ் நீளப் படுக்கையில் சாய்ந்துவிட்டார். "நீ போயி சுத்திப் பாத்துட்டு வா. நான் இங்கன கெடக்கேன்" என்று தொப்பியை நெற்றிக்கு இறக்கிக்கொண்டார். அப்போது மணி பதினொன்று இருக்கும்.

நீச்சல்குளத்தில் காலை மட்டும் நனைக்கலாம் என்று போனாள். சேலையோடு இறங்கக் கூடாதாம். நைலான் சட்டையும் கால்சட்டையும் கொடுத்தார்கள். கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தானே வாய்விட்டுச் சிரித்தாள். ஊர்க்காரர்கள் யாராவது பார்த்தால் மானம் கப்பலேறிவிடும். பார்க்கத்தான் யாருமில்லையே! கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு நீச்சல் தெரியாது. கடல் அவளுக்கு மீன் வந்து இறங்குகிற இடம், அவ்வளவுதான். இங்கே தண்ணீர் கழுத்துவரை வந்து, உடம்பைத் தூக்கி வைத்துக்கொண்டது. ஒரு மணி நேரம் அப்படியே கிடந்தாள். அந்த ஒரு மணி நேரமும் அவளுக்குப் புருசன் ஞாபகம் வரவேயில்லை.

உடை மாற்றிக்கொண்டு திரும்பியபோது அவர் படுத்தது படுத்தபடியே கிடந்தார். வெயில் பட்ட காலின் மேல் துண்டை விரித்தாள். பந்தோடு ஓடி வந்த பிள்ளைகளைக் கண்ணாலேயே அதட்டினாள். சத்யப்பிரியா பார்த்துக்கொள்வதாகச் சொன்னதும் ஹால் மூடுமுன் ஓட்டமாகப் போய்ச் சாப்பிட்டாள். அவருக்குப் பிடிக்குமே என்று இரண்டு பூரியைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, பக்கத்துப் படுக்கையில் உட்கார்ந்து காவல் காத்தாள்.

மூணே காலுக்கு ஓர் ஈ அவர் உதட்டில் உட்கார்ந்தது. அங்கேயே நடந்தது. அவர் விரட்டவில்லை.

"இந்தாங்க," என்று மெல்லக் கூப்பிட்டாள். பிறகு தோளைத் தொட்டாள். பிறகு தொப்பியை எடுத்தாள்.

மேலாளர் தங்கமான மனிதர். சத்தமில்லாமல் நாலு பேரைக் கூட்டி வந்தார், வெள்ளைத் துணி கொண்டுவரச் சொன்னார். துணி துவைக்கிற கொட்டகைப் பக்கம் பின்வாசல் இருந்தது. மற்ற விருந்தினர்கள் பயந்துவிடக் கூடாதாம். பாட்டரி வண்டியில் ஏற்றும்போது, அழுது கூச்சல் போடாமல் இருந்ததற்கு அவளிடம் நன்றி சொன்னார். அழுதது சத்யப்பிரியாதான். லீமாரோஸுக்கு அழுகை வரவில்லை. அவள் மனதுக்குள் மணியைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் வேதமுத்துவின் சட்டைப்பையில் இருந்த நெஞ்சுவலி மாத்திரைச் சீட்டைப் பார்த்தார், இறுகியிருந்த தாடையைத் தொட்டுப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்கு முன்னாடியே போயிருக்கணும்மா. நீங்க கவனிக்கலையா?" என்றார்.

பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. அவள் குளத்துக்குள் கிடந்த நேரம்.

கொழுந்தனார் மகன் ரெக்ஸ் வந்து கையெழுத்துப் போட்டான், ஆன்சிக்கும் அவன்தான் சொன்னான். அமரர் ஊர்தி பாம்பனை நோக்கிக் கிளம்பியபோது அவன் டிரைவரின் பக்கத்தில் ஏறிக்கொண்டான். பின்னால் லீமாரோஸும் வேதமுத்துவும் மட்டும். மண்டபம் ஊரைத் தாண்டுகையில் போன் அடித்தது. எடுக்கப் பயமாக இருந்தது. நர்ஸுக்குப் பொய் சொல்ல முடியுமா? உண்மையைச் சொன்னால் பிள்ளை தாங்குமா?

"அம்மா, எத்தன மணிக்கும்மா? யாராச்சும் நெஞ்ச அமுக்கினாங்களா? உடம்பு சூடா இருந்துச்சா?"

"எல்லாம் பாத்தாங்கடி. ஒண்ணும் செய்ய முடியல."

"நாந்தாம்மா அவரக் கொன்னுட்டேன். வீட்ல கெடந்திருப்பாரு. நாந்தான் அனுப்பினேன்."

"ஏளா, அப்பிடிச் சொல்லாத."

கொஞ்ச நேரம் அழுகை மட்டும் கேட்டது. பிறகு ஆன்சி, "உசிரு போறப்ப நீ பக்கத்துல இருந்தியா?" என்றாள். அந்தக் கேள்வி வரும் என்று லீமாரோஸ் ஆஸ்பத்திரியிலேயே எதிர்பார்த்திருந்தாள்.

"இருந்தேன்டி."

"கையப் புடிச்சிருந்தியாம்மா?"

"புடிச்சிருந்தேன்."

"தனியாப் போகலல்ல. அது போதும்மா. எனக்கு அது போதும்."

இரண்டு பேருமே போனை வைக்கவில்லை. வண்டி பாம்பன் பாலத்தில் ஏறியது. ஆன்சியின் அழுகை விட்டுவிட்டுக் கேட்டது, பிறகு நின்றுபோனது. லீமாரோஸ் போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இல்லை. மறுபடியும் காதில் வைத்துக்கொண்டாள்.

"இல்லடி ஆன்சி," என்றாள். "நான் அங்கன இல்ல. தண்ணிக்குள்ள கெடந்தேன். நல்லாருந்துச்சுடி."

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். பாலத்தின் ஓரத்தில் கார்களை நிறுத்திவிட்டு ஆட்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.