கெடா விருந்துப் பேச்சு

மோகனூர்ப் பக்கம் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால்கூட கொடுத்தவர் பேர், அப்பா பேர், கடைப் பேர் எல்லாவற்றையும் அதன் மேல் எழுதிவிடுவார்கள். மிச்சமிருக்கிற இடத்தில்தான் வெளிச்சம் வரும். அப்படிப்பட்ட ஊரில் வசந்தாமணியின் குடிநோய் சிகிச்சை மையத்துக்கு ஒரு ஃபேன் வாங்கித் தர ஆளில்லை. கல்வெட்டில் பேர் போடுகிறோம் என்று சொன்னால் இன்னும் பதறினார்கள். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவன் அதைப் படித்தால், வீட்டில் யாரோ உள்ளே படுத்து எழுந்த நன்றிக்குக் கொடுத்தது என்று நினைக்க மாட்டானா?

மையம் என்பது பழைய நெல் கிடங்கு. பன்னிரண்டு கட்டில், ஒரு சமையல்கட்டு, ஒரு டாக்டர் வாரம் இரண்டு நாள் வருவார். வசந்தாமணி அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். வாய் நீளம், மனசு இளக்கம், விதி என்றால் விதி. முதலில் வந்தவருக்கு முதல் கட்டில் என்று அவளே போட்ட விதியில் அவளே மாட்டிக்கொண்டாள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த தம்பி பிரபாகர், கை நடுக்கத்தில் ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் போய், சேர்த்துக்கொள் என்று தானாகவே வந்து வாசலில் நின்றான். அன்றைக்கு வரிசையில் கடைசி ஆள் அவன். முறை வர அடுத்த தை ஆகும். அவனுக்கப்புறம் யாரையும் எழுத வேண்டாம் என்று வரிசையையே மூடிவிட்டு, அவனையும் திருப்பி அனுப்பினாள்.

தானாகக் கேட்டு வருகிற குடிகாரன் அடுத்த தைவரை அதே மனசோடு இருக்க மாட்டான். இருந்தாலும் உடம்பு இருக்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். போன் அடிக்கும்போதெல்லாம் தம்பி பெண்டாட்டியின் அழுகைதானோ என்று பயந்துகொண்டே எடுத்தாள். தகரக் கூரை போட்டு ஒரு மாடி எடுத்துவிட்டால் இரண்டே மாதத்தில் அவனுக்குக் கட்டில் கிடைத்துவிடும்.

நோட்டீஸ் அடித்தால் காசு வராது, கெடா வெட்டினால் வரும் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் யோசனை சொன்னார்கள். ஒரு சொட்டு சரக்கு இருக்கக் கூடாது என்று வசந்தாமணி கண்டிப்பாகச் சொன்னாள். குடிநோய் மையத்துக்கு நிதி திரட்டுகிற விருந்தில் போய் அப்படியெல்லாம் செய்வோமா என்று அவர்கள் கோபித்துக்கொண்டார்கள்.

ரிக் முதலாளி கந்தவேலின் தென்னந்தோப்பில் பந்தல் போட்டார்கள். அவருடைய போர்வெல் வண்டிகள் வடநாடு முழுக்கப் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தன. கையில் காசு புரண்டது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் தீனதயாளன் மதுவின் கேடுகளைப் பற்றி மைக்கில் பேசினார். நடுவில் போன் வந்ததாகச் சொல்லித் தோப்புக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது பேச்சில் உருக்கம் கூடியிருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொருத்தருக்காகப் போன் வந்தது. போன் கொண்டுவராதவர்களுக்கும் வந்தது.

பின்னால் கந்தவேலின் கார் டிக்கி திறந்திருந்ததை வசந்தாமணி பார்த்தாள். பார்த்துவிட்டு, ரசம் போதுமா என்று கேட்கப் போகிறவளைப்போல் திரும்பிக்கொண்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் போன் பேசிவிட்டு வந்தவர்கள்தான் சட்டைப் பையில் கையை விட்டார்கள். தம்பிக்குக் கட்டில் கிடைக்கும் என்றால் அந்த டிக்கியை அவளே திறந்து வைத்திருப்பாள்.

கடைசியில் கந்தவேல் மைக்கைப் பிடித்தார். ஒரு கையால் பந்தல் காலையும் பிடித்துக்கொண்டார்.

"மாடி முழுசும் என்ற செலவுங்க. வேற எவனும் ஒரு ரூபா குடுக்கப்படாது."

கைதட்டல் ஓய வெகுநேரமானது. பைக்குள் கை விட்டவர்கள் நிம்மதியாகக் கையை வெளியே எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார்கள். வசந்தாமணி அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டு, கட்டிலுக்கு வழி பொறந்துருச்சு சாமி என்று சொல்லி அழுதாள். அவன் அன்றைக்கே இரண்டு லுங்கியையும் பல்விளக்கும் பிரஷ்ஷையும் மஞ்சப் பையில் போட்டு வைத்துவிட்டான்.

நாலு நாள் கழித்து, கொத்தனார் எழுதிக் கொடுத்த செலவுக் கணக்கோடு கந்தவேலின் வீட்டுக்குப் போனாள். மனிதர் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு, மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ரிக் தொழிலில் ஒரு வழக்கம் இருப்பதை விளக்கினார். கெடா விருந்தில் பேசியதை மறுநாள் யாரும் எடுக்க மாட்டார்கள். இவரே ஒரு விருந்தில் புது வண்டியைப் பங்காளிக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். பங்காளியும் வாங்கிக்கொண்டு கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார். காலையில் இருவரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"போதைல சொன்னதுங்கக்கா. அது செல்லாதுங்க."

ஆஸ்பத்திரியையே ஆட்டிவைத்த வாய்க்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. டிக்கியைப் பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பியவளுக்கு இப்போது சண்டை போட என்ன யோக்கியதை? மஞ்சப் பையோடு உட்கார்ந்திருக்கிறவனிடம் போய் என்ன சொல்வது? கண் நிறைந்துவிட்டது. கணக்குத் தாளை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

கந்தவேலின் மனைவி நல்லம்மாள் மோர் கொண்டுவந்து இருவருக்கும் வைத்தாள். அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் உடைந்து, கோணலாகக் கூடியிருந்ததை நர்சின் கண் பார்த்துவிட்டது. நல்லம்மாள் புருஷனிடம், கடைக்குப் போகிறவரிடம் ஒரு சாமான் சொல்லி விடுவதுபோல நிதானமாகக் கேட்டாள்.

"ஏனுங்க, போதைல சொன்னது செல்லாதுங்கறீங்க. போதைல அடிச்சது மட்டும் எப்படிங்க செல்லுது?"

கந்தவேல் விட்டத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். விரலைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் செக் புத்தகத்தை எடுத்துவந்து, கணக்குத் தாளை வாங்கிப் பார்த்து, கேட்ட தொகையை அப்படியே எழுதினார். கல்வெட்டில் மட்டும் பேர் வேண்டாம் என்று மெல்லச் சொன்னார்.

"கல்வெட்டுல வேண்டாங்கக்கா," என்றாள் நல்லம்மாள். "வரிசைல எழுதிக்குங்க."

வசந்தாமணிக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. செக்கைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள். வாய் திரும்பி வந்துவிட்டது.

"எழுதிக்கறேனுங்க. ஆனா வரிசைன்னா வரிசைதான். எங்க தம்பிக்கு அடுத்த ஆளு உங்க ஊட்டுக்காரரு."

கந்தவேல் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நல்லம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவர் மோர் டம்ளரை எடுத்துக் குடித்தார்.