பூதம் வீடு திரும்பும் காட்சி

எண்ணூர் விரைவுச்சாலையில் காலையிலிருந்து வண்டிகள் நான்கு முறைதான் நகர்ந்திருந்தன. ஒவ்வொரு முறையும் ஒரு வண்டி நீளம். துறைமுகக் கேட்டுக்கு இன்னும் ஐம்பது டிரெய்லராவது இருக்கும். ஜெயவேல் இன்ஜினை அணைத்துவிட்டு, போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்து, விட்ட இடத்திலிருந்து படத்தை ஓடவிட்டான். முறம்போல் காதுகளுடைய ஒரு பூதம் கடலோரமாகத் தள்ளாடி நடந்து வந்தது.

பின்வண்டி டிரைவர் பிராங்கிளின் படியில் ஏறி எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமு, பொம்மைப் படம் பாத்துகினு கீறே?"

"என் பொண்ணு வேலை செஞ்ச படம்பா. கலர் குடுத்தவங்கள்ல அதுவும் ஒரு ஆளு."

"அதுக்குன்னு? எம் பையன் மூணாவது படிக்கிறான். அவனே இதெல்லாம் சின்னப் பசங்க பாக்குறதுன்னுட்டான்."

சொன்னானே தவிர இறங்கவில்லை. பூதம் மீன்சட்டிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டு சுவரில் முட்டியதும் வாய்விட்டுச் சிரித்தான். "சோக்கா கீதே" என்றபடி போனான்.

மகள் நர்மதா அப்பனோடு பேசி இரண்டு வருடமாகிறது. மனைவி புஷ்பவல்லியின் பதினாறாம் நாள் காரியத்தன்று ஜெயவேல் குடித்துவிட்டு, மாலை போட்ட போட்டோவுக்கு முன்னால் விழுந்துகிடந்தான். மறுநாளே மகள் பையை எடுத்துக்கொண்டு ஐதராபாத் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவன் கூப்பிட்டால் எடுப்பதில்லை. நேற்று அவளாகவே செய்தி அனுப்பியிருந்தாள். சின்ன வயதில் திருப்பித் திருப்பிப் படித்த பூதக்கதை படமாக வந்திருக்கிறது, நான் வேலை செய்தது, முழுசா பார்த்துவிட்டுக் கூப்பிடு, எடுக்கிறேன். அந்தப் புத்தகம் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அவள் மடியில் எப்போதும் ஏதோ ஒன்று விரிந்திருக்கும். அது என்ன என்று அவன் கேட்டதில்லை.

படத்தில் பூதத்தின் காலடி கேட்டதும் குடிசைக்குள் பிள்ளைகள் விளக்கை ஊதி அணைத்தார்கள். வரிசையாகப் படுத்துப் போர்த்திக்கொண்டார்கள். பூதம் கெட்டதல்ல. முதுகில் மூட்டை நிறைய மீன் கொண்டுவந்திருந்தது. ஆனால் அது நடந்தால் பானைகள் உருண்டன, பேசினால் கூரை ஆடியது. கதவைத் திறந்து பெயர் சொல்லி ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டது. யாரும் அசையவில்லை. போர்வைக்கு வெளியே கடைசிப் பெண்ணின் கால்விரல்கள் மட்டும் மடங்கி மடங்கி நிமிர்ந்தன.

ஜெயவேல் படத்தை நிறுத்தினான். திருவொற்றியூர் வீட்டின் ஒற்றை அறை, பாய், அதே விரல்கள். அவன் தள்ளாடி வீடு வரும் இரவுகளில் நர்மதா தூங்கவில்லை என்பது அன்றே அவனுக்குத் தெரியும். அப்போது அது சிரிப்பாக இருந்தது. பிள்ளைகளுக்காக எடுத்த படம் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதில் காது தெரியும், சட்டி தெரியும். இந்த விரல்கள் தெரிவதற்கு ஒருவனுக்கு ஐம்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும். இன்னும் இருபது நிமிடப் படம் மிச்சமிருந்தது. மறுபடி ஓடவிட அவனுக்குக் கை வரவில்லை.

டிரான்ஸ்போர்ட் ஆபீசிலிருந்து சூப்பர்வைசர் சங்கரநாராயணன் கூப்பிட்டார். "எங்க இருக்கே?"

"கேட்டாண்ட வந்துட்டேன் சார். முன்னால நாலே வண்டிதான்."

இந்த ரோட்டில் எந்த டிரைவரும் இருக்கும் இடத்தைச் சொல்வதில்லை. சூப்பர்வைசரும் நம்புவதில்லை. அந்தச் சூட்டோடு, யோசித்தால் தைரியம் போய்விடும் என்று மகளின் நம்பரை அழுத்தினான். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"பாத்தியா நைனா?"

அவள் அப்படி அப்பாவைக் கூப்பிட்டு இரண்டு வருடமாகியிருந்தது.

"பாத்தேம்மா."

"முழுசாவா?"

"முழுசா."

"கடைசில அந்த பூதம் இன்னா பண்ணுச்சு?"

விரல்களைச் சொல்லியிருக்கலாம். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை என்பது நுனிநாக்குவரை வந்தது. வாய் வேறொன்றைச் சொன்னது.

"வூட்டுக்கு வந்துடுச்சு. பசங்கல்லாம் ஓடியாந்து கட்டிக்கிச்சுங்க."

நர்மதாவின் குரலில் கோபமில்லை.

"வரல நைனா. வாசல் வரைக்கும் வந்து, உள்ள பசங்க சிரிக்கிற சத்தம் கேட்டுட்டு அப்டியே திரும்பிப் பூடும்." என்றாள். "நீ எப்பவும் வந்துட்டேன், வந்துட்டேன்னுதான் சொல்லுவே. அம்மா கைலயும் அன்னிக்கு டோல்கேட்டாண்ட வந்துட்டேன்னுதான் சொன்னே."

அன்று அவன் நின்றிருந்ததும் இதே ரோட்டில், இதே வரிசையில்தான். புஷ்பவல்லி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோ வேண்டாம், அவரு இதோ வந்துடுவாரு என்று வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிநேரம்.

"அந்தக் காலு வெரலு..." என்றான் ஜெயவேல். "கடைசிப் பொண்ணு வெரலும்மா, அதப் பாத்துட்டு என்னால..."

போன் எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது. திரும்ப அழைத்தான். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது.

முன்வண்டி நகர்ந்து போயிருந்தது. பின்னாலிருந்து பிராங்கிளின் ஹார்ன் அடித்தான், அவனுக்குப் பின்னாலிருந்து இன்னொருவன், பிறகு வரிசை முழுவதும். காலியான ரோட்டில் மதிய வெயில் விழுந்து தார் பளபளத்தது. கடற்சுவரின் கருங்கற்களிலிருந்து செம்பட்டை நாயொன்று இறங்கி வந்து, அந்த வண்டி நீள இடத்தை ஒருமுறை முகர்ந்துவிட்டு, நடுவில் சுருண்டு படுத்துக்கொண்டது.